ஷூ கடித்த புண்

பெரிய ஆஸ்பத்திரியில் முப்பத்திரண்டு வருடம் வார்டு நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர் அந்த அம்மாள். வீட்டிலும் தெருவிலும் அவர் பெயரே நர்ஸம்மாதான். சர்க்கரை நோயாளிகளிடம் தலைபாடாக அடித்துக்கொண்டு சொல்வார்: மரத்துப்போன காலில் சூடு வைக்காதீர்கள், சுடுவதே தெரியாது.

அப்படிப்பட்டவர்தான், சர்க்கரையால் பாதம் மரத்துப்போயிருந்த தன் கணவரின் கால் சில்லிட்டு, கெண்டைக்கால் வலியில் அவர் முனகிக்கொண்டிருந்த ஒரு மதியம், வெந்நீர்ப் பையைக் குதிகாலுக்கு அடியில் வைத்துவிட்டுக் கண்ணயர்ந்துவிட்டார். எழுந்து பார்த்தால் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கொப்புளம். கணவரோ குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

மாலையில் வேலையிலிருந்து வந்த மருமகள் பதறினாள். “ஐயோ, என்ன அத்தை இது?”

“நீ வாங்கிக் கொடுத்தியே புது ஷூ, அது கடிச்சிருக்கு.”

எப்படி அந்தப் பொய் வாயில் வந்ததோ! மருமகள் முகம் செத்துப்போனது. ஷூவைக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டாள். விசாரித்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் நர்ஸம்மா அதையே சொன்னார். சொன்னதை விழுங்க முடியவில்லை.

மூன்று வாரத்தில் புண் கறுத்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

“முழங்காலுக்குக் கீழ ரத்தக்குழாய் மூணு. மூணும் அடைச்சிருக்கு,” என்றார் டாக்டர். “ரத்தம் போகாத கால்ல புண் ஆறாது. இப்படியே விட்டா காலையே எடுக்க வேண்டிவரும். தொடை இடுக்கு வழியா மெல்லிசா ஒரு கம்பியை விட்டு, பலூனால விரிச்சுப் பார்க்கலாம்.” பிறகு ஃபைலைப் புரட்டினார். “ஷூ கடிச்சதுன்னு எழுதியிருக்கே. குதிகாலுக்கு அடியிலயா கடிக்கும்?”

“நான்தான் டாக்டர், அளவு பார்க்காம வாங்கிட்டேன்,” என்றாள் மருமகள்.

நர்ஸம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உள்ளே இரண்டு மணி நேரம் ஆனது. மருமகள் டீ வாங்கிவந்தாள். “குடிங்க அத்தை. காலையிலேருந்து பச்சைத் தண்ணிகூட குடிக்கல நீங்க.”

ஸ்ட்ரெச்சரில் வெளியே வந்த கணவர் சிரித்தார். பஸ் கண்டக்டராக இருந்தவர். “ஒரு ரூட்டு கடைசி ஸ்டாப் வரைக்கும் திறந்தாச்சு, நர்ஸம்மா. இன்னொண்ணுல பாதி வழிதான் வண்டி போகுது.”

பின்னாலேயே வந்த டாக்டர், “பாதத்துக்கு ரத்தம் இறங்கிடுச்சு, கால் தப்பிச்சுது. புண்ணை இவ்வளவு சுத்தமா வச்சிருந்தது நீங்கதானே? நர்ஸ்னா நர்ஸ்தான்!” என்றார்.

அந்தப் பாராட்டில் நர்ஸம்மா கூனிக்குறுகிப்போனார்.

“ஷூ கடிக்கல, டாக்டர். நான்தான் வெந்நீர்ப் பை வச்சுச் சுட்டுட்டேன். தெரிஞ்சே இவ மேல பழி போட்டேன்.”

டாக்டர் ஃபைலில் ‘ஷூ’ என்றிருந்ததை அடித்துத் திருத்தினார். “அடைப்பு மாசக்கணக்கா இருந்தது. அது உங்களால வந்ததில்ல,” என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

மருமகள் கையிலிருந்த காலி டம்ளரையே பார்த்தாள். “மூணு வாரமா மாமா முகத்தைப் பார்க்க முடியாம, சாப்பாட்டுத் தட்டை வச்சுட்டு ஓடுனேன்,” என்றவள் எழுந்து வராந்தாவின் அடுத்த கோடியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

“என்னைச் சுட்டது போகட்டும்,” என்றார் கணவர். “அந்தப் பொண்ணை எதுக்குச் சுட்ட?”

வீட்டுக்கு வந்த அன்றே நர்ஸம்மா போனை எடுத்தார். நாத்தனார், கொழுந்தனார், ஒன்றுவிட்ட அக்கா என்று ஒவ்வொருவரிடமும் நடந்ததைச் சொன்னார். சிலர் உச்சுக்கொட்டினார்கள். “நீயா?” என்று சிரித்தாள் நாத்தனார். காது மடல் எரிந்தது. ஒருவழியாகப் போனைக் கீழே வைத்தார்.

இரண்டு நாளாகப் பேசாதிருந்த மருமகள் கதவோரம் வந்து நின்றாள்.

“எங்கம்மா இன்னும் பாக்கி இருக்காங்க. அவங்ககிட்டயும் நீங்கதானே சொன்னீங்க?”

நர்ஸம்மா சம்பந்தியம்மாளின் எண்ணை அழுத்தினார். மருமகள் நகரவில்லை. மறுமுனையில் மணி அடித்தது.

“நான்தாங்க பேசறேன். உங்க பொண்ணைப் பத்தி உங்ககிட்ட ஒரு பொய் சொல்லியிருந்தேன்…”