செவ்வாய்க்கிழமைக்கு ஆறு பிள்ளைகள்

ஆலங்குளம் வருவதற்கு முன்னாலேயே அனுசியா பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டாள். எதிரே வந்த லாரிக்காக டிரைவர் ஏர்ஹாரனை நீட்டி அடித்ததில், மடியில் இருந்த மகள் அபி அலறித் தன் மணிக்கட்டையே கடித்துக்கொண்டாள். ஐந்து வயதுப் பிள்ளையின் பல் பதிந்த இடத்தில் ரத்தம் கட்டிவிட்டது. பிள்ளையை அடக்கி வைக்கத் தெரியாதா என்று பின் சீட்டிலிருந்து ஒருவர் கேட்டார். 

அபிக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லி எட்டு மாதம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்குப் பயணம். முக்கால் மணி நேரத் தெரபிக்குப் போக வர நாலு மணி நேரம். போய்ச் சேர்வதற்குள் பிள்ளை மிரண்டு ஓய்ந்துவிடும். தெரபி நேரத்தில் பாதி அவளை ஆற்றுவதிலேயே போய்விடும்.

ரோட்டோர மர நிழலில் நின்றுகொண்டு தெரபிஸ்ட் ரூபிக்குப் போன் போட்டாள். இனிமேல் பஸ்ஸில் வருவது நடக்காது, நீங்கள் எங்கள் பக்கம் வர வழி உண்டா என்று கேட்டாள்.

ரூபி கொஞ்சம் யோசித்தாள். “ஒரு பிள்ளைக்காக வந்தா எனக்குக் கட்டுப்படியாகாதுக்கா. ஆறு பிள்ளையள் இருந்தா செவ்வாய்க்கிழமைதோறும் நானே வந்திருவேன். சத்தமில்லாத ஒரு ஹால் மட்டும் பாருங்க.”

“ஆறு பிள்ளையளை நான் பாத்துக்கிடுதேன்” என்றாள் அனுசியா. யாரை, எங்கே என்று அப்போது அவளுக்கே தெரியாது.

ஹால் சீக்கிரம் கிடைத்துவிட்டது. குற்றாலத்தில் அவள் ரிசப்ஷனில் வேலை பார்க்கும் லாட்ஜில் கீழ்த்தளச் சாப்பாட்டு ஹால் சீசன் இல்லாத மாதங்களில் பூட்டித்தான் கிடக்கும். முதலாளி சிவனணைந்தபெருமாள் மே மாதக் கடைசிவரை எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஜூன் பிறந்தால் கூட்டம் வந்துவிடும், அப்புறம் கேட்கக் கூடாது என்று கறாராகவும் சொன்னார்.

பிள்ளைகளைத் தேடுவதுதான் பெரும்பாடாக இருந்தது. அரசு மாற்றுத்திறனாளிகள் அலுவலகத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளின் பட்டியல் இருந்தது. ஆனால் பிறத்தியார் வீட்டுப் பிள்ளைகளின் விவரத்தை வெளியே தர முடியாது என்றார்கள். அதுவும் நியாயம்தான் என்று அனுசியாவுக்குப் பட்டது. அப்படியென்றால் என் நம்பரை அவர்களிடம் கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். பிறகு ஒரு நோட்டீஸ் எழுதினாள். ‘பேச்சு வரவில்லையா, கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லையா, என் மகளும் அப்படித்தான், பேசுவோம் வாருங்கள்’ என்று எழுதிக் கீழே போன் நம்பரைப் போட்டாள்.

அஸ்ஸாமில் ராணுவத்தில் இருக்கும் கணவன் முத்துச்செல்வத்துக்கு அது பிடிக்கவில்லை.

“நம்ம பிள்ளை விசயத்தை ஊரெல்லாம் ஒட்டப்போறியாட்டி?”

“ஊருக்குத் தெரியட்டும்னுதான் ஒட்டுதேன். ஒளிச்சு வச்சா எனக்கு எவ துணைக்கு வருவா?”

அவன் போனை வைத்துவிட்டான். இரண்டு நாள் கழித்துச் செங்கோட்டையிலிருந்து ஒரு பட்டாளத்துக்காரர் மனைவி கூப்பிட்டாள். அனுசியா போனில் அனுப்பியிருந்த நோட்டீஸ் படத்தை முத்துச்செல்வம் தன் பட்டாளத்து வாட்ஸப் குரூப்பில் போட்டிருந்தான்.

மருந்துக்கடை, ரேஷன் கடை, அங்கன்வாடி என்று ஸ்கூட்டரில் அபியை முன்னால் நிறுத்திக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஒட்டினாள். போன் வந்தது. தலையில் தேய்க்க எண்ணெய் விற்பவர் கூப்பிட்டார். பிள்ளைக்குக் கயிறு கட்டச் சொல்லி ஒருவர் முக்கால் மணி நேரம் பேசினார். அதற்கு நடுவே மூன்று வாரத்தில் இலஞ்சி, பண்பொழி, மேலகரம் என்று ஐந்து வீடுகள் சேர்ந்தன. அபியையும் கூட்டினால் ஆறு. ஆனால் மேலகரத்துக்காரர்கள் பாதியில் பின்வாங்கிவிட்டார்கள்.

மிச்சம் இருந்தது பேசாத ஒரு போன். மூன்று நாளாக ஒரே நம்பரிலிருந்து வரும். ஆள் பேசுவதில்லை. பின்னால் ஒரு பிள்ளை ஒரே ராகத்தில் முனகுவது மட்டும் கேட்கும். நாலாம் நாள் அனுசியா, “நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். எந்த ஊருன்னு மட்டும் சொல்லுங்க” என்றாள்.

“கடையம். உரக்கடை வீடு” என்று ஒரு பெண்குரல் சொல்லிவிட்டு வைத்துவிட்டது.

வார விடுமுறையில் அனுசியா அபியையும் கூட்டிக்கொண்டு கடையம் போனாள். வீட்டின் முன்பகுதிதான் கடை. கல்லாவில் இருந்த அய்யாக்குட்டி விஷயத்தைக் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, எங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லை, யாரோ உங்களிடம் தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். அதற்குள் அபி தட்டிலிருந்த விதைப் பாக்கெட்டுகளை எடுத்துத் தரையில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்க ஆரம்பித்துவிட்டாள். வெண்டை, கத்தரி, மறுபடி வெண்டை. அனுசியா பதறிப்போய் எடுக்கக் குனிந்தாள்.

“விடுங்க, எடுக்காதீய. எடுத்தா அழும்” என்றார் அய்யாக்குட்டி. யூரியா கேட்டு உள்ளே வந்தவரிடம், “அண்ணாச்சி, இந்தப் பக்கமா வாங்க. வரிசையை மிதிச்சிராதீய” என்றும் சொன்னார்.

அப்படிப்பட்ட பிள்ளையோடு ஒரே வீட்டில் வாழ்கிறவருக்குத்தான் அது தெரியும். சொன்ன பிறகுதான் தன் வாயாலேயே விஷயம் வெளிப்பட்டுவிட்டதென்று அவருக்கும் உறைத்தது. யூரியா மூட்டையைக் கொடுத்து வந்தவரை அனுப்பிவைத்தார்.

“பிள்ளைக்கு எத்தனை வயசு?” என்று கேட்டாள் அனுசியா.

“ஏழு.” குரல் இறங்கியிருந்தது. “மூத்தவ ஒருத்தி இருக்கா. நாளைக்கு அவளை ஒருத்தன் கையில புடிச்சுக் குடுக்கணும்லா.”

உள்கதவோரம் அவர் மனைவி ஜெபமலர் வந்து நின்றாள். அவள் இடுப்பை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு பையன்.

“அதுக்காக இவன் உள்ளயே கிடக்கணுமா?” என்றாள் அனுசியா. “செவ்வாய்க்கிழமை பத்து மணி, குற்றாலம். வராட்டா அடுத்த வாரம் இங்கன வந்து நிப்பேன். அப்பவும் இதைத்தான் கேப்பேன்.”

அய்யாக்குட்டி, அபி அடுக்கி முடிக்கும்வரை பொறுத்திருந்து பாக்கெட்டுகளை எடுத்து வைத்தார்.

செவ்வாய்க்கிழமை காலையில் நாலு பிள்ளைகள்தான் வந்திருந்தார்கள். பண்பொழிப் பிள்ளைக்குக் காய்ச்சல். கடையத்திலிருந்து தகவலே இல்லை. சொன்ன கணக்குக்கு ஆள் இல்லையே, ரூபி அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுவாளோ என்று அனுசியா வாசலையே எட்டி எட்டிப் பார்த்தாள். ரூபி தலைகளை எண்ணினாள், பிறகு பையைத் திறந்து பந்துகளை வெளியே எடுத்தாள். மினுக்கிக்கொண்டிருந்த ஒரு டியூப்லைட்டை மட்டும் அணைக்கச் சொன்னாள்.

பதினோரு மணிக்கு ஜெபமலர் வந்தாள். சேலை கசங்கி, முகமெல்லாம் வேர்வை. ஏழு வருடத்தில் பையனை முதல்முறையாக பஸ்ஸில் கூட்டி வந்திருக்கிறாள்.

“அவுக வரல. ஆனா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து சீட்டுப் புடிச்சுக் குடுத்தாவ” என்றாள்.

அன்றைக்கு ஒன்றும் பிரமாதமாக நடந்துவிடவில்லை. இரண்டு பிள்ளைகள் மாறி மாறி அழுதார்கள். அபி மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு வெளியே வர மறுத்தாள். எப்படி அணைத்துப் பிடித்தால் பிள்ளை அடங்கும் என்று ரூபி ஒவ்வொரு தாய்க்கும் சொல்லிக் கொடுத்தாள். அவள் போன பிறகும் பெண்கள் ஒருவரும் கிளம்பவில்லை. தலைமுடி எப்படி வெட்டுகிறீர்கள், ராத்திரி தூங்குமா, கல்யாண வீட்டுக்குக் கூட்டிப் போவீர்களா என்று டீ ஆறிப்போகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்கள். இதையெல்லாம் கேட்க அனுசியாவுக்கு எட்டு மாதமாக ஒரு ஆள் இல்லை. அவள் ஒரு நோட்டை எடுத்து அவர்கள் சொன்னதை எழுத ஆரம்பித்தாள்.

மேலகரத்துக்காரர்கள் ஏப்ரலில் தாங்களாகவே வந்தார்கள். மே மாதத்தில் அபி, ரூபி பழக்கியிருந்த பட அட்டைகளில் தண்ணீர்ப் படம் போட்டதை எடுத்து அம்மாவின் கையில் வைத்தாள். வாய் திறக்கவில்லை, ஆனாலும் கேட்டுவிட்டாள். அனுசியா சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அடுக்களைப் பக்கம் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சீசனுக்கு லாட்ஜ் ஹாலைக் காலி செய்ய வேண்டும் என்பதால் ஜெபமலரையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏறி இறங்கினாள். இரண்டு இடத்தில் கையை விரித்துவிட்டார்கள். மூன்றாவதாக இலஞ்சியில் ஒரு தலைமையாசிரியர், பூட்டிக் கிடந்த ஒரு வகுப்பறையின் சாவியைக் கொடுத்தார்.

ஜூன் முதல் செவ்வாய்க்கிழமை ஒன்பது பிள்ளைகள் வந்தார்கள். விரித்திருந்த பாய்கள் ஏழுதான். இன்னும் இரண்டு வேண்டும் என்றாள் ரூபி. அனுசியா எழுந்திருப்பதற்குள், மகனை அவளருகே உட்காரவைத்துவிட்டு ஜெபமலர் கடைத்தெருவுக்குக் கிளம்பிவிட்டாள்.