மலைநிழலைத் தாண்டி ஒரு டிபன் பாக்ஸ்

ஜினிஷா தன் பேச்சுக்கான அட்டைகளை மறுபடியும் வரிசைப்படுத்திவிட்டு நிமிர்ந்தபோது, வகுப்பு ஜன்னலில் வெயில் இல்லை. சூரியன் ஊருக்கு மேற்கே நிற்கும் ராஜகிரி மலைக்குப் பின்னால் போயிருந்தது. பையில் டிபன் பாக்ஸ் திறக்காமலே கிடந்தது.

அவள் சமண வீட்டுப் பெண். பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை. மாலைக் கல்லூரியில் தினமும் வகுப்புக்கு முன்பே சாப்பிட்டு முடித்துவிடுவாள். இன்றைக்கென்று பார்த்து, 'மாணவர்களின் உணவுப் பழக்கம்' பற்றி அவள்தான் பேசவேண்டும். முதல் அட்டையின் முதல் வரி: 'எந்த வேளையும் சாப்பாட்டைத் தவிர்க்காதீர்கள்.'

"இன்னாடி, பேயறஞ்ச மாதிரி நிக்கிற?" முட்டை பப்ஸைக் கடித்தபடி வந்தாள் தோழி அனுஷா. விஷயம் தெரிந்ததும் சிரித்தாள். "ஊருக்கே சத்து சொல்ல வந்த டாக்டரம்மா பட்டினியா? நம்ம கிளாஸ் தருணுக்குத் தெரிஞ்சா செமஸ்டர் முழுக்க ஓட்டுவான்."

"ஓட்டட்டும். மதியம் நான் வேல பாக்குற கடையில கூட்டம், ஒண்ணும் சாப்புடல. பேசும்போது மயங்கி வுழுந்துடுவேனோன்னுதான் டென்ஷனா இருக்குது."

"பொழுது எங்கடி போச்சு? மலை மறைக்குது, அவ்ளோதான்."

ஜினிஷா குழம்பினாள். மலை மறைத்தால் அது அஸ்தமனமா? தொண்டூரில் அவள் வீட்டுக்கு எதிரே வயல்தான். சூரியன் ஒளிந்துகொள்ள அங்கே இடமில்லை. இந்தக் கேள்வியே அங்கே எழுந்ததில்லை.

"சூரியனக் கண்ணால பாத்தாதான் எனக்கு சோறு எறங்கும்."

"அப்ப வண்டில ஏறு!"

ஸ்கூட்டி திண்டிவனம் ரோட்டில் பறந்தது. கடைத்தெரு, பஸ் ஸ்டாண்டு எல்லாம் நிழலில் இருந்தன. ஊர் முடிந்து வயல்கள் வந்ததும் முதுகில் மஞ்சள் வெயில் பட்டது. திரும்பிப் பார்த்தால், மலையின் தோள்பக்கம் சூரியன் பித்தளைத் தட்டு மாதிரி நின்றது.

சாலையோர மதகில் உட்கார்ந்தார்கள். எலுமிச்சை சாதம், அவரைக்காய்ப் பொரியல். முதல் கவளத்தைச் சூரியனைப் பார்த்துக்கொண்டே விழுங்கினாள். அடுத்ததிலிருந்து டப்பாவைத்தான் பார்த்தாள்.

அனுஷா கை நீட்டினாள். "முட்டை பட்ட கைய உள்ள வுடாத!" என்று ஜினிஷா பொரியலை மூடியில் எடுத்து வைத்தாள்.

"நல்லாருக்குடி!"

"நேத்து இந்தப் பேச்சுக்காக எல்லாரையும் கேட்டப்ப, நீ இன்னா காய் சாப்டறேன்னு சொன்ன?"

"மொளகா பஜ்ஜி."

"இன்னிக்காச்சும் அவரக்காய்னு சொல்லு."

டப்பா காலியானபோது சூரியனில் ஒரு கீற்று மிச்சமிருந்தது.

அவர்கள் மூச்சிரைக்க உள்ளே நுழைந்தபோது வகுப்பு தொடங்கியிருந்தது. ஜினிஷா அட்டையைப் பார்க்காமலே ஆரம்பித்தாள்.

"எந்த வேளையும் சாப்பாட்டைத் தவிர்க்காதீர்கள். ஓடிப்போனால், வண்டியில் துரத்திப் பிடியுங்கள்."

கடைசி வரிசையில் தருண் கத்தினான்: "பெட்ரோலு யாரு போடுவா?"