நிரஞ்சனி தூங்குவதாகப் பேர்

1

இந்தக் கதையை எனக்குத் தந்தது கழுவாத ஒரு மரவள்ளிக் கிழங்கு. செலண்டாரில் ஒரு தேவாலயம். அறுப்பின் பண்டிகை ஆராதனை. பீடத்தடியில் வாழைத்தார், சோளக்கட்டு, பலாவைப் போன்ற செம்பெடாக் பழம், அவற்றுக்கு நடுவே மண்ணோடு அந்தக் கிழங்கு. யார் வைத்தது என்று பக்கத்திலிருந்த அம்மாவிடம் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அதோடு விட்டிருக்கலாம்.

தொடக்கத்தை இப்படி எழுதினேன்: ‘ரப்பர் மரங்களின் நடுவே அமைதியான அந்த ஆலயம்...’ (அடித்துவிட்டேன். மரங்கள் பாதி எண்ணெய்க்கான செம்பனையாகிவிட்டன. வாசலில் லாரி ஓயாது.)

2

நிரஞ்சனியிலிருந்து தொடங்குகிறேன். ஐம்பத்தெட்டு வயது. ஜாசினில் ஒரு மருந்தகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பண்டிகைக்கு முதல் நாள், சனிக்கிழமை, பீடத்தை அலங்கரித்து முடித்தபோது மணி இரண்டு. மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். முன்வரிசை பெஞ்சில் சற்றே சாய்ந்தாள். செம்பெடாக் வாசனை கண்ணை இழுத்தது. சோளக்கட்டுகள் எழுந்து நின்று கீர்த்தனை பாடின. இறந்துபோன அப்பா நனைந்த குடையோடு வந்து, எங்கே உட்காருவது என்று கேட்டார். அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

கதவு திறந்தது. அது கனவில் இல்லை.

3

செருப்பைத் தேய்த்து நடக்கும் அந்த நடையை அவளுக்குத் தெரியும். அண்ணன் ஆனந்தராஜா. நில அளவைத் துறையில் இருந்தவர், இப்போது செர்காமில் தனியாக இருக்கிறார். ஒன்பது வருடமாக இருவருக்கும் பேச்சில்லை.*

கடைசி நாட்களில் அப்பாவை மருத்துவமனையிலேயே வைத்திருக்க வேண்டுமென்று அவர் சொன்னார். அப்பா வீட்டுக்குப் போகணும் என்று கேட்டதால் இவள் கையெழுத்துப் போட்டு அழைத்து வந்தாள். இரண்டாம் நாள் அப்பா போய்விட்டார். அடக்கம் முடிந்ததும் இதே ஆலய வாசலில், எல்லாரும் கேட்க, அண்ணன் சொன்னார்: “நீதான் அப்பாவ அனுப்பி வச்ச.” அதன்பிறகு அவர் இங்கே வரவில்லை.

மூன்று மாதத்துக்கு முன் அவருக்கு இருதய அறுவை சிகிச்சை. இவளுக்குத் தகவல் வந்தது. மருத்துவமனைக்குப் போகவில்லை. போகாததை யாரிடமும் சொல்லவுமில்லை.

* முதல் வரைவில் நிலத்தகராறு என்றிருந்தது. கதைகளில் அண்ணன்மார் எல்லாரும் நிலத்துக்காகவே பிரிகிறார்கள். மாற்றிவிட்டேன்.

4

அவர் எதையோ தரையில் வைத்தார். ஈர மண் வாசனை வந்தது. வைத்துவிட்டு வெகுநேரம் அப்படியே நின்றார். பிழைத்ததற்கு நன்றி சொல்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. கண்ணைத் திறந்தால் போய்விடுவார் என்று பயந்தாள். தூங்குகிறவளைப் போல மூச்சை இழுத்து விட்டாள்.

இங்கே இரண்டு முடிவுகள் எழுதினேன்.

ஒன்று: அவள் எழுந்து, ‘கண்ணீர் மல்க இருவரும்...’ (வேண்டாம். இருமினாலே நெஞ்சைப் பிடித்துக்கொள்கிற மனிதர் அவர்.)

இன்னொன்று: அவர் சத்தமில்லாமல் போய்விடுகிறார், அவள் தூங்கிக்கொண்டேயிருக்கிறாள். இதைத்தான் நம்பினேன். அப்படித்தான் முடித்தும் வைத்தேன்.

ஆனால் மறுநாள் படித்தபோது அவர் கதவுவரை போய்த் திரும்பினார். தங்கையின் கழுத்தில் வேர்வையைப் பார்த்திருக்க வேண்டும். சுவரில் விசை தட்டும் ஓசை. அவள் தலைக்கு மேலே மின்விசிறி தடதடவென்று சுற்றத் தொடங்கியது.

கண்ணைத் திறக்காமலே நிரஞ்சனி சொன்னாள்:

“மூனுல வைங்க, அண்ணா. நாலுல வச்சா கத்தும்.”

5

சத்தம் அடங்கியது. சீராகக் காற்று வந்தது. கதவு மூடும் ஓசை கேட்கவில்லை. செருப்புச் சத்தமும் இல்லை.

அவர் உட்கார்ந்தாரா, சுவரோரமே நிற்கிறாரா, முகம் எப்படியிருக்கிறது, எனக்குத் தெரியாது. அவள் கண்வழியாகத்தான் இதுவரை பார்த்து வந்தேன். அவள் இன்னும் திறக்கவில்லை.

எழுப்புவதென்றால் நீங்கள் எழுப்புங்கள். நான் மாட்டேன்.