ரேடாருக்குத் தெரியாத படகு

அக்கா செய்தது ஒரு தகடு. பொடிப்பொடியாகச் செம்புக் கட்டங்கள் பதித்தது. படகில் ஒட்டிவிட்டால், அதன்மேல் படும் ரேடார் அலை வந்த வழியே திரும்பாமல் எங்கெங்கோ சிதறிப் போகும். எதிரியின் திரையில் படகே இருக்காது. அதற்குக் கரண்டும் வேண்டாம், அணைக்க ஸ்விட்சும் கிடையாது. முதல் படகை ஓட்டப்போவது அவள் தம்பி. "உன் சுவரொட்டியை ஒட்டிட்டியாக்கா? மழையில பிச்சுக்காதே?" என்று வம்புக்கிழுப்பான்.

சோதனையில் ஒரே ஒரு ஓட்டை இருந்தது. பழைய நீள அலை ரேடாரில் மட்டும் படகு மங்கலாகத் தெரிந்தது.

"இருந்துட்டுப் போகட்டும்மா. அந்த ரேடார் நம்மகிட்டதான் இருக்கு. ஏதாவதுன்னா நாமளாவது தேடிக்கலாம்," என்றார் சோதனை அதிகாரி.

அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நாளைக்கு அவன்கிட்டயும் வந்துட்டா? உள்ள போறது என் தம்பி சார்!" ஒரே மாதத்தில் ஓட்டையை அடைத்தாள். என்ன மேதாவித்தனமோ! எல்லாரும் கைதட்டினார்கள், அந்த அதிகாரியும்தான்.

ஒரு மூடுபனிக் காலையில் படகு அடிபட்டது. "கால்ல ரத்தம் நிக்கல, சீக்கிரம் வாங்க," என்று தம்பியின் குரல் வந்தது. அதற்குள் எதிரி ரேடியோவைக் குழப்பிவிட்டான். எங்கே என்று சொல்ல முடியவில்லை.

கட்டுப்பாட்டு அறைக்கு அவள் ஓடிவந்தாள். "பழைய ரேடாரைப் போடுங்க!"

ரேடார்காரர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அதையும் போட்டாச்சு மேடம். கடல் துடைச்ச மாதிரி இருக்கு."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. திரைக்கு முன்னால் உட்கார்ந்து, வராத புள்ளிக்காகக் கெஞ்சினாள். "தெரிடா, ஒரே ஒரு தடவை தெரிஞ்சுடுடா," என்று வாய்விட்டே அழுதாள்.

மதியம் பனி விலகியதும் வெறும் கண்ணுக்கே படகு தெரிந்தது. தேடிய கப்பல் காலையிலேயே இரண்டு முறை அதன் பக்கத்தில் போயிருக்கிறது. தம்பியின் உடம்பு சில்லிட்டிருந்தது. ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பான் என்றார் டாக்டர்.

அம்மாவின் போன் வந்தது. "என்னடி, தம்பியைக் கண்டுபிடிச்சாச்சா?"

"கண்டுபிடிச்சாச்சும்மா."

"அப்பாடா! போன உயிர் இப்பதான் வந்துச்சு. போனை அவன்கிட்ட குடு."