வாய் திறக்கக் கூடாத வழிகாட்டி

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாம். "உன் வாய்மொழித் தேர்வுல நான் வந்து உக்காரட்டுமா, டாம்சின்? இஷ்டமில்லன்னா தாராளமா சொல்லு," என்று ஹாலம் கேட்டார். "அதுக்கென்ன, வாங்க," என்று பல்லைக் காட்டினேன். இங்கிலாந்தில் பிறந்த எவளுக்குத்தான் இப்படிக் கேட்டால் மறுக்க வாய் வரும்?

ஹாலம் என் ஆய்வு வழிகாட்டி. வழிகாட்டி தேர்வறையில் உட்காரலாம், ஆனால் பேசக் கூடாது, தலையைக்கூட ஆட்டக் கூடாது. இது விதி. ஐந்து நிமிடம் சும்மா இருந்தாலே அந்த மனுஷனுக்கு மூச்சு முட்டும்.

என் முதுகுக்குப் பின்னால் அவருடைய நாற்காலி முனகிக்கொண்டே இருந்தது. எதிரே இரண்டு தேர்வாளர்கள். ஒருவர் எங்கள் துறையின் பெக். இன்னொருவர் ஸ்காட்லாந்திலிருந்து வந்திருந்த இஷ்பெல் கெடிஸ். என் ஆய்வேடு முழுக்க அந்த அம்மாள் மஞ்சள் சீட்டுகளை ஒட்டி வைத்திருந்தார். தேறினால் டாக்டர். இல்லையென்றால், நான்கு வருஷம் கூரை கூரையாக ஏறி, அங்கே கூடு கட்டும் கடற்காகங்களை எண்ணி, அவற்றிடம் மண்டையில் கொத்து வாங்கியதற்கு ஆறுதலாக ஒரு எம்.ஃபில்.

"நாலாவது அத்தியாயம்," என்றார் கெடிஸ். "நம்ம சிப்ஸுக்கும் குப்பைக்கும் ஆசப்பட்டுத்தான் இந்தப் பறவைங்க கடல விட்டு ஊருக்குள்ள வந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. ஆனா உங்க மூணாவது அத்தியாயத்துல, குப்பையே இல்லாத தெருவுலதானே குஞ்சு நிறைய இருக்கு?"

நாற்காலி முனகியது. அந்தக் குப்பைக் கதை ஹாலமுடையது. அவர் பெயர் வாங்கியதே அதனால்தான். அது இல்லாமல் ஆய்வேடு நிற்காது என்று எழுத வைத்ததும் அவரே. பின்னால் கையைக் காட்டி, 'இவரைக் கேளுங்கள்' என்று சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால், 'அப்போ இதுல உங்க வேலை எது?' என்று கேட்பார்கள். குப்பைதான் காரணம் என்று சாதித்தாலோ, என் கணக்கே என்னைக் கவிழ்த்துவிடும்.

"அந்த அத்தியாயம் தப்பு," என்றேன். "கூரை மேல நரி ஏறாது, முட்டையும் குஞ்சும் தப்பிக்கும். அதுக்குத்தான் வந்துச்சுங்க. சாப்பாடெல்லாம் அப்புறம்."

"தப்புன்னு தெரிஞ்சா ஏன் எழுதினீங்க?"

"எழுதினது நான்தான். எடுத்துடணும்."

பின்னால் நாற்காலியின் முனகல் நின்றுவிட்டது. அது என்னை இன்னும் படுத்தியது.

முடிவு பேச வேண்டும் என்று எங்கள் இருவரையும் வெளியே அனுப்பினார்கள். தாழ்வாரத்தில் அவர் பேசலாம். பேசவில்லை. நான் ஜன்னலுக்கும் சுவருக்குமாக நடந்தேன். திட்டித் தொலைக்கக் கூடாதா இந்த ஆள் என்று எரிச்சலாக வந்தது.

"தப்புன்னு எப்பத் தெரியும்?" என்றார் கடைசியில்.

"ரெண்டாவது வருஷமே."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன், ஹாலம். எத்தனையோ தடவ சொன்னேன். நீங்க பேசிட்டே இருந்தீங்க."

அவர் முகம் சட்டென்று வயதானது. நான் கொஞ்சம் பதமாகச் சொல்லியிருக்கலாம்.

கதவு திறந்தது. "டாக்டர் பெங்கெலி, உள்ள வாங்க," என்று பெக் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஹாலம், நீங்களும்."

"இல்ல, அவ மட்டும் வரட்டும்," என்றார் ஹாலம். பிறகு என்னிடம், "நரின்னு நீ சொன்ன பாரு, அது சரி. இன்னிக்குத்தான் என் காதுல விழுந்துச்சு. போ," என்றார்.

உள்ளே போனேன். நாலாவது அத்தியாயத்தை நீக்கினால் போதும் என்றார்கள். கெடிஸ் கை கொடுத்தபோது, வெளியே நின்ற ஹாலமின் முகம் நினைவுக்கு வந்து எனக்கு அழுகை பீறிட்டது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து, ஆளுக்கொரு காகிதக் கைக்குட்டை நீட்டினார்கள்.