ஹார்ப் வந்ததும் இழு

...இல்ல, அவன் என்னப் பாக்கல, எனக்குப் பின்னாடி இருக்கிற சுவத்தப் பாக்குறான், நாந்தான் ஒவ்வொரு தடவையும் ஏமாந்துபோயி 'டேய் மாப்ள'ங்கிறேன், பதினோரு நாளா இதே கூத்து, கண்ணு தொறந்திருக்கு, இமை தட்டுது, மூச்சு வருது, ஆனா உள்ள மாயாண்டி இருக்கானா இல்லையான்னு எந்த டாக்டரும் வாயத் தொறக்க மாட்டேங்குறான்... மணி நாலு பத்து. அஞ்சு மணிக்கு ஆஸ்பத்திரியில பாக்குற நேரம் முடிஞ்சிரும். கீழ வண்டியில ஏசியப் போட்டுக்கிட்டு அப்துல் ஹாதி உக்காந்திருக்கான், எங்க கம்பெனி சேஃப்டி ஆபீசர், அவன் குடுத்த பேப்பர் என் சட்டைப் பையில நாலா மடிஞ்சு கெடக்கு. 'மாயாண்டி, யாருடைய உத்தரவும் இல்லாமல், தானாகவே கயிற்றை இழுத்தார்.' தமிழ்லயே அடிச்சுக் குடுத்திருக்கான், என்னா கரிசனம்! கீழ 'நேரில் பார்த்த சாட்சி, அழகுமலை'ன்னு என் பேரு, பக்கத்துல ஒரு கோடு, அந்தக் கோட்டு மேல நான் கிறுக்கிட்டாப் போதும், 'சைன் கரோ பாய், கலாஸ்'ங்கிறான், அதோட முடிஞ்சுதாம், நாளைக்கு நான் வழக்கம்போல டூட்டிக்குப் போகலாம், இவன் மட்டும் அவசரக் குடுக்கையா, சொன்ன பேச்சு கேக்காதவனா, காயிதத்துல காலத்துக்கும் நிப்பான். கேக்காதவனா? இவனா? அடப் பாவிகளா, நான் சொன்னதுல ஒரு சொல்லத் தட்டியிருந்தான்னா இன்னைக்கு இவன் கராமா ரூம்ல எங்கூட உக்காந்து மீன் கொழம்பு வச்சுக்கிட்டு இருப்பான்.

எங்க வேலை கயிறு. கல்ஃபுல கட்டடம் கட்டுற ஆளுங்கன்னுதான் ஊர்ல நெனச்சுக்கிட்டு இருக்காங்க, நாங்களும் திருத்துறதில்ல. நாடகக் கொட்டகையில மேடைக்கு மேல குழாய் தொங்கும், குழாயில திரை, இந்தப் பக்கம் அந்தத் திரைக்குச் சமமா எடை வச்ச இரும்புக் கட்டிங்க, நடுவுல கயிறு, பூட்டு. பூட்ட எடுத்துட்டுக் கயித்த இழுத்தா திரை போகும் வரும். எப்ப இழுக்கணும்னு காதுல மாட்டுற ஹெட்செட்ல இங்கிலீஷ்காரி சொல்லுவா. அது எனக்கே பாதிதான் புரியும், மாயாண்டிக்கு சுத்தமா புரியாது, மரியாதையா மேஸ்திரிகிட்டச் சொல்லி வேற வேலைக்கு மாத்தி விட்டிருக்கலாம்ல? மாட்டேன். பெரிய கெட்டிக்காரன் நானு. 'அவ கெடக்குறா மாப்ள, பாட்டக் கேளு, பாட்டு எவனையும் ஏமாத்தாது'ன்னேன். அப்பிடித்தான் எட்டு வருஷமா நான் ஓட்டுறேன், எங்க ஆளுங்க முக்காவாசிப் பேரு அப்பிடித்தான், இங்கிலீஷ் வராதவனுக்குக் காதுதான் இங்கிலீஷ்...

பீத்தோவன் பாட்டாம். பாலேன்னு ஒரு டான்ஸுக்குன்னு எழுதுனதாம், முப்பது வயசுல, ஜனங்க அவ்வளவாப் போடறதில்லையாம். எல்லாம் ஷ்ருதி சொன்னது, ஷோ வேலைக்கு வந்த பொண்ணு, இங்கயே பொறந்து வளந்த தமிழ்ப் பிள்ளை, 'அங்கிள், ஒருத்தர் ரெண்டு க்ளே பொம்மை செஞ்சு, நெருப்பு குடுத்து லைஃப் குடுத்துடறாரு, பட் அதுங்களுக்கு ஃபீலிங்கே இல்ல அங்கிள், செஞ்சவரையே தெரியல, ஸோ மியூசிக் கேக்க வைக்கக் கூட்டிட்டுப் போறாரு'ன்னா. அந்த எடத்துலதான் ஹார்ப்புன்னு ஆளுசர நரம்பு வாத்தியம் ஒண்ணு வரும், தண்ணி சொட்டுற மாதிரி, பின்னாலயே பெரிய வயலின் ஒண்ணு அடித்தொண்டையில பேசும், பொம்மைங்க மெல்லத் தலைய நிமித்தும், மேகத்திரை மேல போகும், மலை தெரியும். மேகம் நம்ம வேலை. 'ஹார்ப் வந்ததும் இழு, அம்புட்டுத்தான்.' ஒத்திகையில போன்ல பதிஞ்சுட்டு வந்து ரூம்ல போட்டுப் போட்டுக் காட்டுனேன், கீழ்க்கட்டில் ஜெயசீலன் 'என்னய்யா ரெண்டு பேரும் கச்சேரிக்குப் போறீகளா'ன்னு நக்கலடிச்சான், மாயாண்டி வெக்கப்பட்டுக்கிட்டே கட்டில் கம்பியப் பிடிச்சு இழுத்துப் பழகுனான். சோறு திங்கும்போது பாட்டப் போட்டாக்கூட அவன் எடது கை தானா மூடும். சிரிச்சோம். நல்லாச் சிரிச்சோம்.

அன்னைக்கு மேகத்துல கிழிசல். ஒத்திகைய நிப்பாட்டிட்டாங்க. குழாயக் கீழ எறக்கி வச்சிருந்துச்சு, மேகத்தக் கழட்டுனது யாரு? நாந்தான். கழட்டித் தரையில போட்டுத் தைக்க உக்காந்துட்டேன். திரை இல்லாத குழாய், அந்தப் பக்கம் இரும்பு அத்தனையும் உசரத்துல அப்பிடியே, பூட்டு ஒண்ணுதான் பிடிச்சு நிக்குது. மாயாண்டிகிட்ட ஒரு வார்த்தை, 'கழட்டிட்டேன்டா, தொடாத'ன்னு... சொன்னேனா? எத்தனை தடவ நெனச்சுப் பாத்தாலும் சொல்லல. டான்ஸ் ஆடுறவங்களுக்கு மட்டும் இன்னொரு தடவ வாசிங்கன்னு எவனோ சொல்லியிருக்கான், ஹெட்செட்ல 'ஹோல்ட்'டுன்னுருக்கா, எவனும் இழுக்காதன்னு அர்த்தம், எங்காதுல விழுந்துச்சு, விழுந்துச்சுய்யா, கையில ஊசி, இந்தத் தையல முடிச்சுட்டு எந்திரிப்போம்னு இருந்தேன்... ஹார்ப் வந்துருச்சு. பூட்டு எடுக்குற சத்தம். இரும்பு சரிஞ்ச வேகத்துல கயிறு இவனத் தூக்கிக்கிட்டு மேல போகுது, ரெண்டு மாடி உசரம், தொடக்கத்துலயே விட்டிருந்தா காலு ஒடைஞ்சிருக்கும், அதோட போயிருக்கும், இவன் விடல. ஏன் விடல? 'என்ன ஆனாலும் கயித்த மட்டும் விட்றாதடா'ன்னு எவன் சொன்னான்? உச்சியில முட்டித்தான் கை வழுகுச்சு.

சரசு நேத்துப் போன் பண்ணுச்சு, இவன் பொண்டாட்டி. 'அண்ணே, தானா இழுத்துட்டாருன்னு ஆபீஸ்ல சொல்றாக, அவரு சொல்லாம ஒரு துரும்பத் தொட மாட்டாரேண்ணே, நீங்க பக்கத்துலதான இருந்தீக?' நான் என்ன சொன்னேன்? 'சிக்னல் சரியில்ல தாயி'ன்னேன். த்தூ. உண்மையச் சொன்னா எனக்கு ஜெயிலா, விசா கான்சலா, ஊருக்கா, தெரியல, பயமா இருக்கு, அதச் சொல்றதுல என்ன வெக்கம். அந்தப் பதிவு இன்னும் போன்ல இருக்கு, அத அழிச்சுட்டா நான் பழக்குனதுக்குச் சாட்சியே கெடையாது, காலையில மெட்ரோவுல ரெண்டு தடவ வெரலக் கொண்டுபோயிட்டுத் திரும்பிட்டேன்... அந்தக் கதையில அப்புறம் என்ன ஆகும் தெரியுமா, செத்துப்போற உசுர எதுக்குடா குடுத்தேன்னு பொம்மை செஞ்சவனைத்தான் குத்துவாங்க, பொம்மைகள இல்ல. அப்புறம் எழுப்பிருவாங்களாம், பாலேதான. குத்துற வரைக்கும் நியாயந்தான்.

'அண்ணே, சும்மா இரிக்காதிய, என்னமாம் பேசுங்க, அவருக்குப் பிடிச்ச பாட்டு உண்டும்னா போடுங்க, காதுல விழும்ணே.' நர்ஸு சுபிஷா, நாகர்கோயில் பக்கம். பதினோரு நாளாச் சொல்லுது. இவனுக்குப் பிடிச்ச பாட்டுன்னு எனக்கு என்ன தெரியும்? ஆறு மாசமா ஒரே ரூம்ல இருந்து நான் கேக்க வச்சது ஒண்ணுதான... மணி நாலே முக்கா. போன எடுத்தேன். அழிக்கத்தான் எடுத்தேன்னு நெனைக்கிறேன், சத்தியமாத் தெரியல, வெரலு வேற பொத்தான அமுக்கிருச்சு. தலகாணி ஓரமா வச்சேன். அவன் எடது கை போர்வைக்கு வெளிய கெடந்துச்சு, பிடிக்கணும்போல இருந்துச்சு, என் சோத்துக் கைய அதுக்குள்ள வச்சேன். சில்லுன்னு இருக்கு. இருமல் சத்தம், நாற்காலி நகர்ற சத்தம், அப்புறம் தண்ணி சொட்டுது, ஒண்ணு, ஒண்ணு, அது கூடவே என் கொரலு, நான் பேசுனதே மறந்துபோச்சு, எவ்வளவு சந்தோசமா இருக்கு அந்தக் கொரலு, 'இந்தா வந்துருச்சு பாரு, இழுடா மாப்ள!'

மூடுச்சு. அஞ்சு வெரலும். எங்கைய நெரிச்சுப் பிடிச்சு, தன் பக்கமா, இழுக்குறான். 'யேசப்பா, கை அனங்குதுல்லா! பாத்தியளாண்ணே! நாஞ் சொன்னனா!' சுபிஷா கண்ணுல தண்ணி, டாக்டரக் கூப்புட ஓடுது. நான் இவன் மொகத்தப் பாத்தேன், அழுதுக்கிட்டேதான் பாத்தேன், டேய், டேய் மாயாண்டி... கண்ணு அதே சுவத்துலதான் இருக்கு. என்னத் தெரியல இவனுக்கு. நான் சொன்னது மட்டும் தெரியுது. பாட்டு முடிஞ்சு போன் வெளிச்சம் அணைஞ்சுபோச்சு, பிடி தளரல, எலும்பு வலிக்குது, கீழருந்து ஹாதி கூப்புட்டுக்கிட்டே இருக்கான், போனு அதிருது, கையெழுத்துப் போடுற கை இவன்கிட்ட இருக்கு. 'விடுடா மாப்ள'ன்னேன். விடல. 'போதும்டா, விட்ரு'ன்னு காதுகிட்டக் குனிஞ்சு சொன்னேன், இன்னும் இறுக்குறான்... எப்ப விடணும்னு நான் இவனுக்குச் சொல்லியே குடுக்கலையே.