ஏப்ரல் மழை வரைக்கும்

மறுபடியும் வண்டியை ஓரம்கட்டச் சொன்னான் ஹார்லன். நெல்டா காது கேட்காதவள் போல ஓட்டிக்கொண்டிருந்தாள். பிக்கப் வண்டிக்குப் பின்னால் மாட்டியிருந்த புது வீட்டு டிரெய்லரின் முகத்தில் பிளாஸ்டிக் விரிப்பு கிழிந்து படபடவென்று அடித்துக்கொண்டது. காலையில் இண்டியானாவில், தொழிற்சாலை வாசலிலேயே, டிரெய்லரை ஒப்படைக்க வந்தவர்கள் கைகட்டி வேடிக்கை பார்க்க, அவள் அண்ணன் ஹார்லன் உறைந்த தரையில் மல்லாந்து படுத்து அதன் அடிவயிறு முழுக்கத் துருத்தடுப்பு எண்ணெய் பூசினான். பிறகு முன்பக்கத்தை விரிப்பால் மூடி டேப் ஒட்டினான். “கல்யாணப் பரிசு பிரமாதம்” என்று அவர்களில் ஒருவன் சொன்னபோது நெல்டாவுக்குக் காது சிவந்துவிட்டது.

உப்பு இரும்பைத் தின்னும் என்பதை மிச்சிகனில் பிறந்தவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பனி உறையாமலிருக்கச் சாலையெங்கும் கொட்டிய உப்பு, ஈரத்தோடு சேர்ந்து சாம்பல் குழம்பாகத் தெறித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் வசந்தம் வரும்வரை அவளால் காத்திருக்க முடியாது. ரிக்கோடு விவாகரத்தான பிறகு வீடு கைமாறிவிட்டது. இனி இந்த டிரெய்லர்தான் வீடு. டெக்சஸ் கடற்கரையில் டிரெய்லர்கள் தங்கும் ஒரு முகாமின் அலுவலகத்தில் திங்கட்கிழமை வேலைக்குச் சேர வேண்டும். இன்றிரவு மிச்சிகனில் ஹார்லன் வீட்டில் தங்கி, அங்கே போட்டுவைத்த பெட்டிகளை ஏற்றிக்கொண்டு மறுநாள் விடிந்ததும் தெற்கே கிளம்புவதாகத் திட்டம்.

“அந்தக் கார் வாஷ்ல நிறுத்து நெல். அடியில மட்டும் ஒரு தடவை தண்ணி பீய்ச்சிடலாம்.”

“இந்தக் குளிர்லயா? அடுத்த மைல்லயே மறுபடி உப்பு ஏறிடும்.”

“ஏறினா மறுபடி கழுவலாம்.”

நிறுத்தினாள். இல்லாவிட்டால் வீடுவரை அதையே சொல்லிக்கொண்டு வருவான். அவன் பேச்சிலிருந்து தப்பிக்க டிரெய்லருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, உறை பிரிக்காத மெத்தையில் உட்கார்ந்தாள். வெளியே தண்ணீர் அடிவயிற்றில் இரைந்தது. அடியில் மட்டும் என்றவன் சுவர், ஜன்னல், கதவு என்று எதையும் விடவில்லை. சத்தம் ஓய்ந்ததும் எழுந்து கதவைத் தள்ளினாள். அசையவில்லை. தோளால் இடித்தாள்.

“ஹார்லன்! கதவு உறைஞ்சு போச்சு.”

“இடிக்காத! கதவோர ரப்பர் பிஞ்சிடும்!”

“நான் உள்ள மாட்டிக்கிட்டு நிக்கிறேன், உனக்கு ரப்பர் கவலையா? ஜன்னல் வழியா குதிக்கிறேன் பாரு.”

“ஐயோ, ஜன்னலைத் தொடாத. அதுக்கும் ரப்பர் இருக்கு.”

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன அவளுக்கு. நாற்பது தாண்டிய பெண், சொந்த வீட்டில் முதல் தடவை கால்வைத்த அன்றே சிறை. அவன் கதவின் விளிம்பை உள்ளங்கையால் தேய்ப்பது கேட்டது. நிற்கும், மறுபடி தேய்க்கும். பிறகு கதவோடு வாய் வைத்துப் பேசுவது போல அவன் குரல் வந்தது.

“நெல், ஏப்ரல் வரைக்கும் என் ஷெட்லயே நிக்கட்டுமே. நல்லா மழை பெஞ்சா ரோட்டு உப்பெல்லாம் அடிச்சிட்டுப் போயிடும்.”

“திங்கக்கிழமை வேலைன்னு எத்தனை தடவை சொல்றது?”

“வேலை இங்கயும் கிடைக்கும்.”

“ரிக்கை விட்டு வரேன்னப்பவும் கொஞ்சம் பொறுன்னுதான் சொன்ன. பொறுத்தேன். துருப்பிடிச்சது நான்தான்.”

கார் கண்ணாடி துடைக்கும், குளிரில் உறையாத நீலத் திரவத்தை விளிம்பில் ஊற்றியிருப்பான், அந்த நாற்றம் உள்ளே வந்தது. கதவு பொசுக்கென்று திறந்தது. கையுறையில்லாத அவன் கைகள் சிவந்து வீங்கியிருந்தன. புருவத்தில் பனி. அவள் முகத்தைப் பார்க்காமல் முதலில் கதவு ரப்பரைச் சட்டைக்கையால் துடைத்தான். அவளுக்கு அவனை அறையலாம் போலிருந்தது.

மீதி விரிப்பை அவனே உரித்துச் சுருட்டிக் குப்பையில் போட்டான். அதற்குப் பிறகு வழியில் எங்கும் அவன் நிறுத்தச் சொல்லவில்லை. எதிரே வந்த லாரி குழம்பை வாரியடித்தபோதும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் வீட்டுத் திருப்பத்தில் நுழையும்போது அந்தி இறங்கியிருந்தது. முற்றத்தோரம், விடியலிருட்டில் கிளம்பியபோது கண்ணில் படாத ஒரு கார் பனி மூடி நின்றது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். பக்கத்தில் வந்ததும்தான் அது டெல்லாவின் கார் என்று தெரிந்தது. மனைவி டெல்லா இறந்ததிலிருந்து ஹார்லன் அதை ஷெட்டை விட்டு வெளியே எடுத்ததில்லை. துடைக்கக்கூட யாரையும் விட்டதில்லை.

“அதை ஏன் வெளிய போட்டிருக்க?”

“டிரெய்லருக்கு நீளம் பத்தல” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கி ஓடினான்.

ஷெட்டின் பெரிய கதவுகளைத் தள்ளித் திறந்தான். உள்ளே சாமான் ஒன்றுமில்லை. தரை பெருக்கிக் கழுவியிருந்தது. வரவேற்பறைக் கம்பளத்தைக் கொண்டுவந்து சிமெண்டின் மேல் விரித்திருந்தான். வீட்டிலிருந்து மின்கம்பி இழுத்து ஒரு ஹீட்டர் வைத்திருந்தான். அது அவர்கள் கிளம்பிய விடியலிலிருந்தே எரிந்துகொண்டிருக்க வேண்டும். கூரையோரப் பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது.

“கடவுளே, ஹார்லன்” என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

முற்றத்தில் வளைத்து, டிரெய்லரின் முதுகை ஷெட்டுக்கு நேராகக் கொண்டுவந்து பிரேக்கை மிதித்தாள். கை கியரின் மேல் இருந்தது. பின்னால் போக இன்னும் மாற்றவில்லை. பக்கக் கண்ணாடியில் அவன் தெரிந்தான். பிரேக் விளக்கின் சிவப்பு முகத்தில் விழ, கம்பளத்தின் ஓரத்தில் நின்று, இரண்டு கைகளையும் தன் நெஞ்சை நோக்கி அசைத்து அசைத்து, வா, வா, இன்னும் வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.